அரசாங்கமில்லாத பெர்னடீன்

எங்கள் ஊரில் பெர்னடீன் லைக்கரை யாராவது தேர்தல் அதிகாரி என்று நினைத்துவிட்டால் அது குற்றம். நினைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. பெர்னடீன்தான் உள்ளே போவாள். அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, அதற்குக் கை தூக்கியவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். நான் ரோசன்டால் முதியோர் இல்லத்தின் சமையல்காரி. டெல்ஃபின் என்று கூப்பிடுவார்கள். பல்லில்லாதவர்களும் சர்க்கரைக்காரர்களும் உப்பு ஆகாதவர்களும் ஒரே மேசையில் உட்காருகிற இடத்தில் சமைக்கிறேன். கதை விட எனக்கு நேரம் ஏது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோதுமை நிலத்தில், பாட்டன் காலத்தில் ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையிலிருந்து வந்து இறங்கிய ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பங்கள்தான் ரோசன்டால். ஊரில் மாதாகோவில் பெரிது, மற்றதெல்லாம் சிறிது. பெர்னடீன் இங்கே அல்போன்ஸ் வெர்த்தின் மூத்த மகள். தம்பி டுவேன் வெகு வருஷம் கழித்துப் பிறந்தவன். அம்மா படுக்கையிலேயே கிடந்ததால் அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதிலிருந்து முதல் கழுத்துப்பட்டை கட்டிவிட்டது வரை இவள்தான். அந்தக் கழுத்துப்பட்டையைக் கட்டாமலே விட்டிருக்கலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

பெரிய தெருவில் இருந்த வங்கியில் பெர்னடீன் காசாளராக இருந்தாள். பிறகு ஒரு பெரிய வங்கி அந்தச் சின்ன வங்கியை விழுங்கியது, விழுங்கிய கையோடு கதவையும் சாத்தியது. அவளுக்கு மிஞ்சியது பித்தளைப் பொத்தான் வைத்த ஒரு கருநீலக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டு அவள் நடந்து வந்தால், தப்பு எதுவும் செய்யாதவனும் எழுந்து நிற்பான். கணவன் எட்வின் போய்ச் சேர்ந்தான், மகள் டென்வரில் குடியேறிவிட்டாள், கோட்டு மட்டும் வீட்டில் இருந்தது. கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதியும் இல்லை அவள்.

ஒரு வருஷம் தேர்தல் நாளன்று பனிமழை கொட்டி ரோடெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. இல்லத்தில் இருந்தவர்கள் ஒருவரும் மாதாகோவில் மண்டபத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியவில்லை. அன்றைக்குப் பிடித்தது இவளுக்கு இந்தப் பைத்தியம். அடுத்த தேர்தலுக்கு முன்னால் கவுன்ட்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் அலுவலகத்திலிருந்து தபால் ஓட்டுக்கான விண்ணப்பங்களை ஒரு கட்டு வாங்கி வந்து, மேசை மேசையாக உட்கார்ந்து, கை நடுங்குகிறவர்களுக்குப் பேரையும் விலாசத்தையும் தானே எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளமும் தரவில்லை. சரியாக நான் பீன்ஸும் மாவுருண்டையும் போட்ட சூப்பைப் பரிமாறுகிற நேரத்துக்கு வந்துதான் உட்காருவாள். சூப்பு ஆறும். நான் திட்டுவேன். அவள் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டு, "உன் சூப்பு நாளைக்கும் வரும் டெல்ஃபின், தேர்தல் வருமா?" என்பாள்.

யாருக்குப் போடுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. இந்தக் கவுன்ட்டியில் எல்லோரும் ஒரே கட்சி. யார் ஜெயிப்பார்கள் என்று எங்கள் ஊர் நாய்களுக்குக்கூடத் தெரியும். சட்டசபைக்கு நின்ற டுவேனுக்கு விழுந்த ஓட்டில் ஒரு நல்ல பங்கு எங்கள் சாப்பாட்டறையிலிருந்து, அவன் அக்காவின் கைப்பையில் போனதுதான். ஊரில் அவளுக்குத் 'தேர்தலம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

டுவேன் பயிர்க் காப்பீட்டு முகவர். ஆலங்கட்டி மழை வரும், வரும் என்று பயமுறுத்தியே வீடு கட்டினவன். அப்படிப்பட்டவனைச் சட்டசபைக்கு அனுப்பினால் என்ன செய்வான்? அங்கே போய் இன்னொரு ஆலங்கட்டியைக் கண்டுபிடித்தான். அதன் பெயர் தேர்தல் மோசடி. எங்கள் கவுன்ட்டியில் அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் பார்க்காததற்கும் பிரீமியம் வசூலிக்கத் தெரிந்தவன் அவன்.

முதலில் தேர்தல் காலத்தை மாற்றினார்கள். ஊராட்சிக்கும் பள்ளிக்கூடக் குழுவுக்கும் ஏப்ரலில் நடந்த தேர்தலைப் பெரிய தேர்தல்களின் பருவமான நவம்பருக்குத் தள்ளினார்கள். செலவு மிச்சம், கூட்டம் அதிகம் என்று டுவேன் எங்கள் சாப்பாட்டறையில் வந்து விளக்கம் சொன்னான். எனக்கும் ஒரு மிச்சம் இருந்தது. ஏப்ரலில் அவன் வரும்போதெல்லாம் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுக் கூஹன் சுட்டு வைப்பேன், அந்தக் கேக்கில் அவனுக்கு ஆசை அதிகம். சட்டம் வந்த பிறகு ஏப்ரலில் சுட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தது வீடு வீடாகத் தபால் ஓட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் மேலான சட்டம். விண்ணப்பத்தில் ஒரு எழுத்துகூட முன்னாலேயே நிரப்பித் தரக்கூடாது. தருகிறவர் தான் அரசாங்கம் இல்லை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அத்தோடு, ஒருவருடைய நடத்தையைப் பார்த்து இன்னொருவர் அவரைத் தேர்தல் அதிகாரி என்று நம்பிவிட்டால், அது கடுங்குற்றம். ஜெயில் உண்டு. ஓட்டுரிமையும் போகும். பெர்னடீன் இதைப் பேப்பரில் படித்துவிட்டு என் சமையலறைத் தொலைபேசியில்தான் தம்பியைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியைப் போட்டாள், நானும் கேட்க வேண்டுமாம்.

"டேய் டுவேன், இந்தச் சட்டம் யாருக்குடா?"

"வெளியூர்க்காரனுங்களுக்குக்கா. எங்கியோ உக்காந்துக்கிட்டு நம்ம ஜனங்களுக்குக் கண்ட கடுதாசியும் அனுப்பறானுங்க. உனக்கில்ல."

"எனக்கில்லன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்க. அது தானா புரிஞ்சுக்கணும்."

"யாரு, ஜட்ஜா?"

"அக்கா, நீ எதுக்குப் பயப்படற? இதுல நான் பண்ணின வேலை என்ன தெரியுமா? 'தெரிந்தே'ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. தெரிந்தே ஏமாத்தினான்னு. அத நான்தான் எடுக்க வெச்சேன். இருந்தா, 'நான் தெரியாம பண்ணிட்டேன் ஐயா'ன்னு ஒவ்வொருத்தனும் நழுவிடுவான்ல. இப்ப எவனும் நழுவ முடியாது."

"எவளும்னும் சேத்துக்கோ," என்றாள் பெர்னடீன். அவனுக்கு வேறு ஒரு அழைப்பு வந்துவிட்டதாம், வைத்துவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவள் காரை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனாள். அவர் கோட்டைக் கழற்றச் சொன்னார். ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார். எந்த மேசைக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் அதைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சூரியகாந்திப் பூப் போட்ட ஒரு தொளதொள சட்டையில் வந்து நின்றாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் அரசாங்கமல்ல. தேர்தல் அதிகாரியும் அல்ல. எந்த அதிகாரியின் சார்பிலும் வரவில்லை," என்று ஆரம்பித்தாள்.

சாப்பாட்டறையில் கரண்டிகள் நின்றுவிட்டன. இத்தனை வருஷம் அவளைப் பெர்னடீன் என்று நினைத்து, "அந்தாண்ட தள்ளு, டிவி மறைக்குது" என்று அதட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜன்னலோர மேசைக்காரி கிளாரா மெல்லப் பக்கத்து நாற்காலியிடம் சாய்ந்தாள். நாக்கு நீளம் அவளுக்கு, கை மட்டும் நடுங்கும். "பாத்தியா? நான் அப்பவே நெனச்சேன். சாதாரண பொம்பள எவளாச்சும் நான் அரசாங்கமில்லன்னு சொல்லிக்கிட்டு வருவாளா? நான் அரசாங்கமில்ல, நீ அரசாங்கமில்ல. நாம என்னிக்காவது அப்படிச் சொல்லிக்கிறோமா?"

"அவதான் இல்லங்கறாளே," என்றது பக்கத்து நாற்காலி.

"பேதுருவும்தான் ஏசுவப் பத்திக் கேட்டப்ப 'அந்த ஆள எனக்குத் தெரியாது'ன்னாரு. கோழி கூவுறதுக்குள்ள மூணு தடவ. யாரு நம்புனா?"

இதுதான் நடந்தது. மறுக்க மறுக்க நம்பினார்கள். கோட்டைக் கழற்றியதும் மாறுவேஷம் என்று முடிவு கட்டினார்கள். சூரியகாந்திச் சட்டை மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு என்று ஒருவர் சொன்னார். முன்பெல்லாம் விண்ணப்பத்தை மேசையில் வைத்து அதன்மேல் காப்பிக் கோப்பையை வைப்பவர்கள், இப்போது கை துடைத்துவிட்டு வாங்கினார்கள். பெர்னடீனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னை அப்படிக் கூப்பிடாதீங்க, தேர்தலம்மாங்கற பேரே வேணாம்," என்று கெஞ்சினாள். அவர்கள் ரகசியம் காப்பவர்களைப் போல் தலையை ஆட்டினார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கேலன் ஹெர்ட்டல் சாப்பிட வந்தான். ஓய்வுபெற்ற விதை வியாபாரி. புதன்கிழமைகளில் வெளியாட்களும் காசு கொடுத்து இங்கே நூடுல்ஸ் சாப்பிடலாம், அந்தச் சலுகையை ஒரு வாரம்கூட விட்டதில்லை. டுவேன் ஆரம்பித்த 'தேர்தல் காவல்' தொண்டர் படையில் அவன் எங்கள் ஊர்ப் பிரிவு. பிரிவில் வேறு யாரும் இல்லை. மோசடியைக் கண்டால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெகுநாளாக மோசடிக்காகக் காத்திருந்தான், பாவம்.

மேசை மேசையாகப் போகும் பெர்னடீனைக் காட்டி, "அது யாரு?" என்று கிளாராவைக் கேட்டான். பெர்னடீனை அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். காவலில் இருக்கும்போது தெரியாததுபோல் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

கிளாரா அக்கம்பக்கம் பார்த்தாள். கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "அரசாங்கம்," என்றாள். "ஆனா அத வெளிய சொல்லக்கூடாதுன்னு அவளுக்கு உத்தரவு. நீயும் யாருகிட்டயும் மூச்சு விடாத."

கேலன் நூடுல்ஸை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனான். என் சமையலுக்கு அப்படி ஒரு அவமானம் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

அந்த எண் டுவேனின் அலுவலகத்தில் ஒலிக்கும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது தலைநகரில் ஒலித்தது. அங்கே யாரோ எழுதிக்கொண்டு, எங்கள் கவுன்ட்டி அரசு வக்கீலுக்கு அனுப்பி, அவர் கவுன்ட்டி போலீஸ் தலைவன் ஷெரிப் லோரனை விசாரிக்கச் சொன்ன பிறகுதான் டுவேனுக்கே செய்தி போனது. லோரன் நல்ல பையன்தான். பெர்னடீனிடம் ஞாயிறு மறைக்கல்வி படித்தவன். விசாரணைக்கு முந்தின நாளே சமையலறைப் பின்கதவு வழியாக வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"டெல்ஃபின் அக்கா, நாளைக்கு நான் ஒவ்வொருத்தரையா கேக்கணும். இவங்கள அதிகாரின்னு நம்புனீங்களான்னு. ஒரே ஒருத்தர் ஆமான்னு சொன்னாலும் நான் வழக்குப் போட்டுத்தான் ஆகணும். என் கையில ஒண்ணுமில்ல."

"எதுக்கு என்கிட்ட வந்து சொல்ற?"

"யாருகிட்ட சொன்னா ஊருக்கே தெரியுமோ அவங்ககிட்ட சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எல்லா அறைக்கும் செய்தி போய்விட்டது. பெர்னடீனைக் காப்பாற்ற வழி ஒன்றுதான். அவள் யாருமில்லை என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டறையில் பியானோ பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். சாட்சிகள் அவளைக் கை காட்டிச் சொல்ல வேண்டுமாம். லோரன் பேச்சைப் பதிவு செய்யக் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். முதலில் கிளாரா.

"இவங்கள நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

"இவளையா? யாருன்னும் நெனக்கல. இவ யாருமில்ல."

"கேலன்கிட்ட அரசாங்கம்னு சொன்னீங்களாமே."

"கேலனுக்குக் காது மந்தம். அன்னிக்கு ரொட்டிக்கு என்ன குடுத்தாங்கன்னு கேட்டான். ஆரஞ்சு ஜாம்னேன்."

லோரன் இருமினான். நான் கரண்டியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அடுத்து ஒருவர், "பாட்டுக் குழுவுல சுதி சேராம கத்துவாளே, அவதான. வேற ஒரு வெவரமும் தெரியாது," என்றார். ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா ஒருத்தி, "என் வகுப்புல கணக்குல கோட்டை விட்டவ. இவள எவன் அதிகாரியாக்குவான்?" என்றாள். ஒருவர், "வருவா, போவா. காத்து மாதிரி. கவனிச்சதில்ல," என்றார். என்னைக் கேட்டபோது, சூப்பு ஆற வைக்கிற ஒரு தொந்தரவு என்றுதான் நினைத்திருக்கிறேன் என்றேன். அது சத்தியமான வார்த்தை.

காப்பாற்றத்தான் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போகப் போக அவர்களுக்கு ருசி கண்டுவிட்டது. ஒருவரை விட ஒருவர் நன்றாகச் சொல்லப் பார்த்தார்கள். யாருமில்ல, ஒண்ணுமில்ல, அவ பேரே எனக்கு இப்பத்தான் தெரியும். பெர்னடீன் மடியில் கைகளைக் கோர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்காகப் பனியில் வண்டி ஓட்டினவள். எவனோ ஒரு வார்த்தையை எடுத்துவிட்டான் என்பதற்காக ஒரு மனுஷி, தான் யாருமில்லை என்று ஊர் சொல்வதை உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்நேரம் டுவேன் உள்ளே வந்தான். நவம்பர் நெருங்கிவிட்டது அல்லவா, கழுத்துப்பட்டையும் கையில் துண்டறிக்கைகளுமாகத்தான் வந்தான். பழக்கதோஷம், கதவருகே இருந்தவருக்கு ஒன்றை நீட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தான். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சாட்சி, இதே இல்லத்தில் இருக்கிற அவன் அப்பா அல்போன்ஸ். அவரை நினைத்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். பொய் சொல்லமாட்டார் என்பதற்காக இல்லை. யார் சொன்னதையும் கேட்கமாட்டார்.

டுவேன் சக்கர நாற்காலி முன்னால் குந்தினான். "அப்பா, ஒரே ஒரு வார்த்தை. அவ யாருமில்லன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"உங்க அக்கா யாருமில்லன்னு நான் சொல்லணும்."

"சும்மா சட்டத்துக்குப்பா."

அல்போன்ஸ் அவனை விட்டுவிட்டு லோரனைப் பார்த்தார். "நீ கேளுப்பா. நீதான சம்பளம் வாங்குற."

"ஐயா, இவங்கள எப்பவாவது தேர்தல் அதிகாரின்னு நம்புனீங்களா?"

"இல்ல. அவ என் மக. வாரந்தவறாம வர்றா. எனக்கு நகம் வெட்டிவிடுறா. எந்த ஊரு அதிகாரி வந்து கெழவனுக்குக் கால் நகம் வெட்டுவான்?"

அறையே மூச்சு விட்டது. டுவேன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். லோரன் கைப்பேசியை எடுக்கக் கையை நீட்டினான்.

"இரு, இரு. என்ன அவசரம்," என்றார் அல்போன்ஸ். "நான் யாரையும் அதிகாரின்னு நம்பலன்னு சொல்லலியே. நம்புனேன். இந்த ஆளத்தான்." விரல் டுவேனைக் காட்டியது.

"அப்பா, நான் உங்க மகன்."

"அப்படியா. மகன்னா கிறிஸ்துமஸுக்கு வருவான். நான் விழுந்து இடுப்பு ஒடஞ்சு கெடந்தப்ப வந்திருப்பான். இவரு தேர்தல் வந்தா வர்றாரு. டை கட்டிக்கிட்டு வர்றாரு, கையில தாளு வெச்சிருக்காரு. எப்ப ஓட்டுப் போடணும், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்றாரு. தேர்தல் முடிஞ்சா ஆளக் காணோம். முன்ன ஏப்ரல்ல ஒரு தடவ, நவம்பர்ல ஒரு தடவ. அப்புறம் ஏப்ரல் தேர்தல நவம்பருக்குத் தூக்கிட்டாங்க, இவரும் கூடவே போயிட்டாரு. தேர்தல் எங்க போனாலும் பின்னாலயே போறவரு அதிகாரி இல்லாம வேற யாரு? எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ மகன் இருந்தான் லோரன். செலவு மிச்சம்னு ஒண்ணாக்கிட்டாங்க."

முதலில் கிளாராவின் கைதான் நடுங்கிக்கொண்டே மேலே போனது. "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என் பேரையும் சேத்துக்க." வாத்தியாரம்மா கை தூக்கினாள். கதவருகே துண்டறிக்கை வாங்கினவர் அதையே தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டறை முழுக்கக் கைகள். நானும் கரண்டியோடு தூக்கினேன்.

டுவேனின் முகத்தில் ஈயாடவில்லை. "லோரன், இது என்ன கூத்து. நான் தெரிஞ்சு பண்ணலியே."

லோரன் பையிலிருந்து சட்ட நகலை எடுத்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். சீக்கிரம் படிக்கத் தெரிந்தவன்தான், வேண்டுமென்றே மெதுவாகப் படித்தான். "'தெரிந்தே'ன்னு இதுல வார்த்தையே இல்லீங்களே ஐயா," என்றான்.

பெர்னடீன் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "இருந்துச்சு லோரன். யாரோ எடுத்துட்டாங்க."

அரசு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அக்காமேல் வழக்குப் போட்டால் தம்பிமேலும் போட வேண்டும், தம்பிக்குத்தான் சாட்சிகள் அதிகம். இரண்டையும் சேர்த்து மூடிவிட்டார். கேலனுக்கு மட்டும் பதவி உயர்வு வந்தது, பக்கத்து ஊர்ப் பிரிவும் அவனே. அடுத்த கூட்டத்தொடரில் டுவேன் அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் திரும்பச் செருகினான். முதியோர் நலனுக்காக என்று பேப்பரில் படத்தோடு வந்தது.

பெர்னடீன் அந்த விசாரணைக்குப் பிறகும் வாரந்தவறாமல் வந்தாள். நேராக அப்பா அறைக்குப் போவாள், நகத்தை வெட்டுவாள், சாப்பாட்டறைப் பக்கம் திரும்பாமல் போய்விடுவாள். தபால் ஓட்டு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளாரா எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்தேன், கோழி கிளறியதுபோல் இருந்தது. ஒரு நாள் பெர்னடீனைப் பிடித்து இழுத்துச் சமையலறையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்தேன்.

"உன்னக் காப்பாத்தத்தான சொன்னாங்க," என்றேன்.

"தெரியும். எல்லாரும் சொல்லித்தான் ஆகணும், அதுவும் தெரியும்." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஒருத்தராவது கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லியிருக்கலாம் டெல்ஃபின்."

கதவில் சக்கர நாற்காலி இடித்தது. கிளாராதான். எதையும் ஒட்டுக் கேட்காமல் விட்டதில்லை அவள். மடியில் கசங்கின விண்ணப்பம்.

"பெர்னடீன். நீ யாருன்னு எனக்குத் தெரியும்."

"யாரு?"

கிளாரா தலையைத் திருப்பிச் சாப்பாட்டறையைப் பார்த்தாள். அன்று புதன்கிழமை. கேலன் ஹெர்ட்டல் நூடுல்ஸில் தலை கவிழ்த்திருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆரஞ்சு ஜாம்."

பெர்னடீன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், காப்பி மூக்கில் ஏறிவிட்டது. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சகிக்க முடியாத சூரியகாந்திச் சட்டையோடு சாப்பாட்டறைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நான் அரசாங்கமல்ல," என்று ஆரம்பித்தாள். எழுதித் தரக்கூடாது அல்லவா, ஒவ்வொரு எழுத்தாக வாயால் சொல்லி அவர்களையே எழுத வைத்தாள். கிளாராவின் பேரை முடிப்பதற்குள் என் சூப்பு ஜில்லென்று ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் இல்லத்தில் பெர்னடீனுக்கு ஆரஞ்சு ஜாம் என்றுதான் பெயர். சட்டத்தில் அதற்குத் தண்டனை இல்லை.

டுவேன் அந்த நவம்பரில் ஜெயித்தான். அதெல்லாம் மாறாது. ஆனால் அடுத்த ஏப்ரலில், எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் கார் வாசலில் வந்து நின்றது. அவனுடைய வக்கீல் சொல்லி வந்தானா, மனசு சொல்லி வந்தானா, எனக்குத் தெரியாது. டை இல்லை, கையில் தாளும் இல்லை. அந்தக் கையை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் அப்பாவின் அறை வாசலில் நின்றான். உள்ளே பெர்னடீன் அவருடைய கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அல்போன்ஸின் கண்ணில் அடித்தது.

"யாரும்மா அது?" என்றார் அவர்.

பெர்னடீன் நிமிர்ந்து பார்த்தாள். கத்தரியை வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"யாருமில்லப்பா," என்றாள். "நம்ம டுவேன்தான்."